ஹெல்மெட்டை ஒளித்துவைப்பவன்

எனக்கு இடது முழங்காலில் வாதம். குளிர்காலம் வந்தால் படியேறுவதே பெரும்பாடு. ஊரார் முழங்காலையெல்லாம் சரிசெய்கிறவனுக்குத் தன் முழங்காலைக் கவனிக்க நேரமில்லை என்று என் மனைவி நோரீன் குத்திக்காட்டுவாள். அதனால்தான் ஆட்ட நாட்களில் மற்றவர்கள் கோட்டோரம் நின்று கத்திக்கொண்டிருக்க, நான் மட்டும் உட்கார இடம் தேடுவேன். நீங்கள் அந்த நீலப் பெட்டியைப் பற்றிக் கேட்டீர்களே அம்மணி, அதில்தான் உட்காருவேன். கட்டுப்போடும் துணியும் பிளாஸ்திரியும் வைக்கிற பெட்டி. அதற்குப் பூட்டு கிடையாது. நான் உட்கார்ந்துவிட்டால் வேறு பூட்டு தேவைப்படாது.

மாநில விசாரணைக் குழு இனி எல்லா அணிகளின் பெட்டிக்கும் பூட்டுப் போடச் சொல்லப்போகிறது என்கிறீர்கள். நல்ல யோசனை. அதற்கு என் ஒப்புதலை வாங்கிக்கொண்டு போகத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறீர்கள். வந்தது வந்தீர்கள், முழுதாகக் கேட்டுவிட்டே போங்கள்.

என் பெயர் கார்டன் புரூயிட். ஃபுட்பால் அணியில் காயங்களைப் பார்ப்பவன். பையன்கள் 'டாக்டர்' என்பார்கள். நான் டாக்டர் இல்லை. எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில் பெயருக்குத்தான் கால்; பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மோதி ஓடுவார்கள். அடியெல்லாம் தலைக்கு. ஒருவன் மோதி விழுந்து, எழுந்து, கண் நிலைகொள்ளாமல் வந்தால், நான் செய்கிற முதல் காரியம் அவன் ஹெல்மெட்டைப் பிடுங்கி ஒளித்துவைப்பது. எந்த மைதானத்திலும் எங்கள் தொழிலில் இதுதான் வழக்கம். உட்காரடா என்று சொன்னால் எவனும் உட்காரமாட்டான். ஹெல்மெட் கையில் இருந்தால், தன் பெயரே மறந்திருந்தாலும் உள்ளே ஓடிவிடுவான். ஹெல்மெட் இல்லாமல் நடுவர் விடமாட்டார். ஆகவே அதைப் பெட்டிக்குள் போட்டு, மேலே நான் உட்கார்ந்துகொள்வேன். இருபத்திரண்டு வருடமாக இதைச் செய்கிறேன்.

அதில் பதினாறு வருடம் பயிற்சியாளர் ராய்ஸ் டில்லரியோடு. நான்கு பல்கலைக்கழகங்கள். தோற்றால் முதலில் பயிற்சியாளர் போவார்; அவர் பின்னாலேயே இருபது குடும்பங்கள் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கிளம்பும். இரண்டாவது ஊரில் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்து பார்த்தால் எங்கள் வீட்டுப் புல்தரையில் யாரோ 'விற்பனைக்கு' என்று பலகை நட்டிருந்தார்கள். ரசிகர்களின் வேடிக்கை. என் மகள் எல்லிக்கு அப்போது எட்டு வயது. அவள் பலகையைப் படித்தாள். உள்ளே போய்ப் பொம்மைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டாள். அதை நான் மறக்கவேயில்லை.

ஜெயித்தால் கதையே வேறு. நாங்கள் கால்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது விடுதியில் பாதி அறைகள் காலி. ஜெர்மன் துறையை மூடப்போவதாகப் பேச்சு. முதல் வருடம் ஒன்பது ஆட்டம் ஜெயித்தோம். அடுத்த வருடம் சேரக் கேட்டு வந்த விண்ணப்பங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடின. விடுதி நிறைந்தது. ஜெர்மன் துறை பிழைத்தது. பந்து யார் கையில் இருக்கிறது என்றே தெரியாத துணைவேந்தர், அணித் தொப்பியைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். புது வேதியியல் கட்டடத்தில் ஒரு பெண் கண்ணாடிக் குடுவையைத் தூக்கிப் பார்க்கிறாள் என்றால், அதற்குப் பின்னால் நாங்கள் இருக்கிறோம். தற்பெருமை இல்லை அம்மணி, உள்ளதைச் சொல்கிறேன்.

கேலப் ஓடம் அந்த ஊர்ப் பையன். எதிரணியின் ஆட்டத்தைக் கண்ணாலேயே படித்து, தன் பக்கத்துப் பத்துப் பேருக்கும் எங்கே நிற்பது என்று கத்திச் சொல்கிறவன். தாய் வெர்னா பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் சமைக்கிறாள். தகப்பன் இல்லை. எனக்கு அவன்மேல் பிரியம். எல்லாருக்கும்தான்.

கால்டரில் எங்கள் கடைசி வருடம், செப்டம்பரில் ஒருமுறை அவனுக்கு லேசாக அடிபட்டது. ஹெல்மெட்டை வாங்கி உள்ளே போட்டு உட்கார்ந்தேன். முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றான்.

"டாக்டரே, எந்திரிங்க. உங்க கனத்துக்கு என் ஹெல்மெட்டு சப்பையாயிரும்."

"உன் மண்டையே சப்பையாத்தான் இருக்கு. உக்காருடா."

"நான் நல்லாத்தான் இருக்கேன். வேணும்னா எங்கம்மா பேரக் கேளுங்க. வெர்னா ஓடம். அவங்க வறுத்த கோழியத் தின்னுட்டு ரெண்டு நாளு வாய் ஓயாம பேசுனீங்களே, அவங்கதான்."

சிரித்துவிட்டேன். அதற்குள் வேறொருவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழ, நான் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் கேலப் ஹெல்மெட்டோடு மைதானத்தில் நிற்கிறான். அங்கிருந்து என்னைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினான். தொலைக்காட்சியில் அதைப் போட்டுப் போட்டுக் காட்டினார்கள். ஊரே சிரித்தது. அந்தத் துண்டு வீடியோ பிறகு பல்கலைக்கழகத்தின் அறிக்கையில் ஆதாரமாக இடம்பெற்றது.

இப்போது டில்லரியைப் பற்றி ஒன்று. அவர் ஒருநாளும் என்னிடம், அடிபட்டவனை உள்ளே அனுப்பு என்று சொன்னதில்லை. பைபிள் மேல் கைவைத்துச் சொல்லுவேன். ஆட்டம் இறுகும்போது என் பக்கத்தில் வந்து நிற்பார். என்னைப் பார்க்கமாட்டார்.

"கார்டன், ரொம்ப நேரம் உக்காந்தா முழங்கால் பிடிச்சுக்கும். கொஞ்சம் காலாற நடந்துட்டு வாயேன்."

அவ்வளவுதான். நான் எழுந்து தண்ணீர்ப் பீப்பாய் வரை போய்வருவேன். எட்டு முறை அப்படி நடந்திருக்கிறேன். எட்டுப் பையன்களும் தாங்களே எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவன் பல் மருத்துவன். இன்னொருவனுக்கு வெளிச்சம் ஆகவில்லையாம், பகலிலும் ஜன்னலை மூடியே வைத்திருக்கிறானாம். அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை. ஜெயித்தால் கால்டருக்கு முதல் சாம்பியன் பட்டம். டில்லரிக்கு ஒரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். காலைச் சாப்பாட்டில் என் தோளில் கைவைத்தார். "இன்னைக்கு மட்டும் முடிச்சிட்டோம்னா உங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்டா. எல்லி காலேஜு முடிக்கிற வரைக்கும் ஒரே வீடு. பலகை நடுறவன் எவனும் அந்தப் பக்கம் வரமாட்டான்."

எட்டு நிமிடம் மிச்சம். மூன்று புள்ளி முன்னால் இருந்தோம். கேலப்பின் தலை ஒருவன் முழங்காலில் மோதியது. தானாகத்தான் நடந்து வந்தான், ஆனால் எதிரணிப் பக்கமாக நடந்தான். திருப்பிக் கூட்டிவந்தார்கள். அணியின் டாக்டர், கால் முறிந்த ஒருவனோடு உள்ளே போயிருந்தார். நான் ஹெல்மெட்டை வாங்கிப் பெட்டியில் போட்டு உட்கார்ந்தேன். என்ன மாதம் என்று கேட்டேன். யோசித்தான். "அம்மா பேரச் சொல்லுடா" என்றேன்.

"அம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டான்.

அவன் இல்லாத நான்கே மோதலில் எதிரணி பாதி மைதானம் வந்துவிட்டது. டில்லரி பக்கத்தில் வந்து நின்றார். சொன்னார். நான் எழுந்தேன்.

நாங்கள் ஜெயித்தோம். கேலப் அடுத்த மோதலில் விழுந்து எழுந்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பிற்பகல், வெர்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இறந்தான். வியாழக்கிழமை டில்லரி பெரிய இடத்தில் கையெழுத்திட்டார். நாங்கள் இங்கே வந்தோம். நல்ல வீடு, இரண்டு பெரிய ஓக் மரங்கள். கால்டரில் அந்த வருடம் போல என்றும் விண்ணப்பங்கள் வந்ததில்லையாம். கேலப்பின் சட்டை எண்ணை இனி யாரும் அணியக்கூடாது என்று விழா எடுத்தார்கள். மருத்துவப் பணியாளர் முறைப்படி ஒளித்துவைத்த ஹெல்மெட்டை, ஆட்டக்காரர் முன்பு செய்ததுபோலவே தானாக எடுத்துக்கொண்டார் என்று அறிக்கை முடிந்தது. தண்ணீர்ப் பீப்பாய் பக்கம் போயிருந்தேன் என்றேன். அது பொய் இல்லை. போயிருந்தேன்.

பிப்ரவரியில் வெர்னாவிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு பக்கம், கையெழுத்து. "ஐயா, எம்புள்ள சின்னதுலேர்ந்தே சொல்பேச்சு கேக்கமாட்டான். நீங்க ஒளிச்சுவெச்சும் எடுத்துட்டான்னு சொன்னாங்க. உங்க மனசு என்ன பாடுபட்டிருக்கும். நீங்க அவனுக்காகச் செஞ்சத நான் மறக்கமாட்டேன். அவன மன்னிச்சிருங்க."

மன்னித்துவிட்டேன் என்று பதில் எழுதினேன். நல்ல தாளில் எழுதினேன். கிறிஸ்துமஸுக்கு அவள் தன் கையால் செய்த பெக்கான் பருப்புக் கேக் அனுப்பினாள். சாப்பிட்டோம். நோரீன் அழுதாள். நானும் அழுதேன் அம்மணி, அதில் நடிப்பில்லை. அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. தாயே தன் பிள்ளையைக் குற்றம் சொல்லிக்கொண்டு மிச்ச காலத்தைக் கழிப்பது சரியில்லை என்று தோன்றுகிறது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். பூட்டுப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பூட்டு இருந்திருந்தாலும் சாவி என் சட்டைப்பையில்தான் இருந்திருக்கும்.

கேலப் அதை எடுக்கவில்லை.

பீப்பாய் வரை போய், ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்து, மெதுவாகத்தான் திரும்பினேன். எல்லார் கண்ணும் மைதானத்தில் இருந்தது. பெட்டி மூடியபடியே இருந்தது. அவன், நான் விட்டுப்போன இடத்திலேயே, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மற்ற எட்டுப் பேரில் எவனும் அப்படி உட்கார்ந்ததில்லை. டில்லரி திரும்பி என் முழங்காலைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். நான் பெட்டியைத் திறந்து ஹெல்மெட்டை எடுத்து அவன் மடியில் வைத்தேன். அது என்னவென்று தெரியாததுபோலப் பார்த்தான். "வீட்டுக்குப் போலாமா டாக்டரே?" என்றான். "இதோ, ஆட்டம் முடிஞ்சதும் போலாம்டா கண்ணு" என்றேன். தலையில் வைத்தேன். தாடைவாரை மாட்ட அவன் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. வார் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போயிற்று. நான்தான் குனிந்து நான்கு கொக்கியையும் ஒவ்வொன்றாக மாட்டி, இழுத்துப் பார்த்து, தோளைப் பிடித்து மைதானத்தின் பக்கமாகத் திருப்பிவிட்டேன்.

சரியாக மாட்டினேன் அம்மணி. நீங்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் வீடியோவைப் போட்டுப் பாருங்கள், அவன் விழும்போதுகூட அந்த வார் ஒரு நூல் அசையவில்லை. என்னிடம் இருந்த பையனை நான் அலட்சியமாக அனுப்பினேன் என்று யாரும் சொல்ல முடியாது.