மச்சான் துணை

உசிலம்பட்டி பஸ்ஸில் என் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"படகு ஏத்துற டிரெய்லர்ல எந்தக் கிறுக்கனாச்சும் சினைமாட்ட ஏத்துவானா மாப்ள?"

"பழைய வண்டிதான் மச்சான். வீட்டுல வச்சு நானே வெல்டிங் வச்சு, பெயிண்ட் அடிச்சேன்."

"கடத்தண்ணியில ஊறுன ஆக்சில். துருவச் சுரண்டுனியா?"

"சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கித்தான வண்டிய எடுத்தேன்..."

"எலுமிச்சம்பழமா பாரம் தாங்கும்? ஆக்சில் முறிஞ்சு, எந்தங்கச்சி வளத்த மாடு கால் ஒடிஞ்சு கெடக்கு. வண்டி இன்னும் நடுரோட்டுல நிக்கிது. சந்தைக்குப் போறவன் பூராம் அது பின்னாடி நீ எழுதி வச்ச 'மச்சான் துணை'யப் படிச்சுட்டுச் சிரிக்கிறான்!"

அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்று கிளம்பியது.

"பேர அழிச்சிரவா மச்சான்?"

"எதுக்கு அழிக்கிற? காலையில வாரேன். மொதல்ல துருவச் சுரண்டுவோம்."