மெல்பேர்னுக்குப் போன அருச்சனை

"உம்மட அருச்சனைதான் எங்கட ரீமைக் கெடுத்தது."

சிட்னியின் மெரிலேண்ட்ஸில் ரயில் ஏறியதும் தொப்பிக்காரர் நண்பரிடம் இப்படிச் சொன்னார். தொப்பியில் சிட்னி கூடைப்பந்து அணி ஒன்றின் சின்னம். நண்பர் தமிழ்நாட்டுக்காரர். இருவரும் பெரிய சத்தம். எதிரே இருந்த நான் காதைப் பொத்தவா முடியும்?

"கேப்டன் முழங்கால் சரியாகணும்னு நீங்கதானண்ணே கோவிலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

"ஓம். ரீமின்ர பேரில செய்யும் எண்டனான். நான் செருப்பைக் கழட்டிப்போட்டு வாறதுக்குள்ள அவன்ர பேரைச் சொல்லிப்போட்டீர்."

"ஐயர் நட்சத்திரம் கேட்டாரு. டீமுக்கு என்ன நட்சத்திரம் சொல்றது?"

"அவன்ர நட்சத்திரம் மட்டும் உமக்குத் தெரியுமோ?"

"பொறந்த தேதி நெட்ல இருந்துச்சு. ரேவதி."

"முழங்கால் சுகம். மெல்பேர்ன் ரீம்காரன் அவனைக் கொண்டுபோயிட்டான். இனி எங்களுக்கு எதிரா ஓடுவான்."

நண்பர் சிரித்தார். தொப்பிக்காரர் சிரிக்கவில்லை.

"அப்ப இந்த சீசன் சீட் போடலையா?"

"பள்ளிக்கூடக் காலத்தில இருந்து அதே கதிரை, தம்பி. இந்த முறை கடைசி இடம்தான் வரும். தோக்கிறதைப் பாத்துப் பழகினனான், அது பரவாயில்லை. ஆனா அவனை ஏன் விட்டவங்கள் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. 'அவருக்கு நன்றி' எண்டு ஒரு ஈமெயில் வந்தது, அவ்வளவுதான். அதோட எனக்கு வெறுத்துப்போச்சு."

"யார் சொல்லணும்ங்கிறீங்க?"

"மனேஜர்தான். கதிரைக்குக் காசு கட்டுறதைப் பிறகு பாப்பம். முதல் ஆட்டத்தண்டைக்கு அவர் கோர்ட்டுக்கு நடுவில வந்து நிக்கட்டும். மைக்கைப் பிடிச்சு, எங்கட முகத்தைப் பாத்துச் சொல்லட்டும், அவனை ஏன் விட்டவர் எண்டு."