உறங்குகிறாள் என்று சொன்னேன்

ஞானஸ்நானத்துக்கு வாங்கிய வெள்ளைச் சட்டை பிள்ளைக்குக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, ஃபாதர். குறைமாதப் பிள்ளை, மாத்தளை டவுனில் இதைவிடச் சின்ன அளவு கிடைக்கவில்லை. ஞானத்தாயாக நிற்பவள் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வர வேண்டும் என்று சொன்னீர்கள், அதனால் வந்தேன். பெரிய பாவம் என்று எதுவும் மனசில் உறுத்தவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

என் தம்பி ஜெராட் எல்கடுவ பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவன் மனைவி பிரசாந்தி ஆறு மாதக் கர்ப்பிணி. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது மயங்கி விழுந்தாள். தலைக்குள் நரம்பு வெடித்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. முடிவு சொல்ல வேண்டியவன் தம்பி ஒருவன்தான்.

அவனுடைய சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதும். டாக்டர் பேசுவது பிடிபடாது. நான் கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகு பாமசியில் மருந்து கொடுக்க நிற்கிறேன், எனக்கு எல்லாம் விளங்கும். தோட்டத்து ஆட்களுக்கு நோய் வந்தால் டவுனில் இருக்கும் ஒருவர் கூடப்போய்ப் பேசிக் கொடுப்பது வழக்கம். அப்படித்தான் நான் நடுவில் நின்றேன்.

டாக்டர் நல்ல மனுஷன். மூளை இறந்துவிட்டது, அவள் இனி இல்லை, மூச்சு விடுவது மெஷின்தான் என்று நிதானமாகச் சொன்னார். பிள்ளையின் இதயம் துடிக்கிறது, மெஷினை வைத்துக்கொண்டு பிள்ளை வளரும்வரை முயற்சி செய்யலாம், பிழைக்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். நிறுத்தவும் செய்யலாம். கணவனின் விருப்பம் என்ன என்று கேட்டார்.

உள்ளே போவதற்கு முன்பே தம்பி என்னிடம் சொல்லியிருந்தான். "அக்கா, அவ போயிட்டான்னா மறைக்காம சொல்லிருங்க. அவள போட்டு வதைக்க வேணாம். வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம்."

எனக்கும் என் கணவர் ரபாயேலுக்கும் பிள்ளை இல்லை. இதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

தம்பியிடம், ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கிறாள், பிள்ளை பிறந்த பிறகு விழிக்கலாம் என்றேன். டாக்டரிடம், பிள்ளைக்காக மெஷின் இருக்கட்டும் என்று கணவன் சொல்கிறார் என்றேன். இரண்டு பேருமே எனக்கு நன்றி சொன்னார்கள்.

அவன் தினமும் வந்தான். கை சூடாக இருக்கிறதே அக்கா என்பான். காதருகே குனிந்து லயத்து வீடுகளில் நடந்த கதையெல்லாம் சொல்வான். அவளுக்குக் கால் வீங்கி, தோல் நிறம் மாறி, கிட்டே போனால் வாடை வரத் தொடங்கியபோதும் எண்ணெய் கொண்டுவந்து தலை வாரிவிடச் சொன்னான். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அந்த நாட்களில் அவன் நம்பிக்கையோடு இருந்தான், ஃபாதர். அதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

பிறகு உடம்பு முழுக்கக் கிருமி ஏறிவிட்டது. இப்போதே பிள்ளையை எடுக்க வேண்டும், எடுத்ததும் மெஷினை நிறுத்திவிடுவோம் என்றார் டாக்டர். அங்கேதான் சிக்கல். உறங்குகிறவள் சாவதற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா. ஒப்பரேஷன் செய்தால் பிள்ளை தப்பும், பிரசாந்தி தாங்கமாட்டாள், நீதான் முடிவு சொல்ல வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். வராந்தாவில் வெகுநேரம் குந்தியிருந்தான்.

"பிள்ளைய எடுக்கச் சொல்லுங்க" என்றான்.

பெண் பிள்ளை. தப்பிவிட்டாள்.

அடக்கம் முடிந்து வந்தவன், "நான்தான் அக்கா அவள கொன்னுட்டேன்" என்றான். அப்படிப் பேசாதே என்று அதட்டினேன். நான் அதட்டியதில் பொய் எதுவும் இல்லையே. பிள்ளையை ஒரே ஒரு தரம்தான் பார்த்தான். "நீங்களே வச்சுக்கங்க. எனக்கு அது மூஞ்சிய பாக்க ஏலாது." இப்போது வேலைக்கும் போவதில்லை, லயத்து வீட்டில் காம்பராக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். சோறு கொடுத்தனுப்பினால் அப்படியே திரும்பி வருகிறது.

அவள் முதல் நாளே செத்துவிட்டாள் என்று அவனிடம் சொல்லச் சொல்வீர்கள். தெரியும். சொன்னால் எழுந்துவிடுவான். எழுந்தால் பிள்ளையைக் கேட்பான். தனி ஆம்பளை எப்படி வளர்ப்பான்? அவனுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்கு வரமாட்டானாம். பிள்ளை அப்படியே பிரசாந்தி மாதிரி இருக்கிறதாம். நானும் உற்று உற்றுப் பார்த்துவிட்டேன், எனக்கு அப்படித் தெரியவில்லை. என் சாயல்தான், ஃபாதர்.