பை பத்திரமாக இருக்கிறது

சத்தமாகப் பாட்டுக் கேட்டால் எனக்குத் தலைவலி வரும், இன்ஸ்பெக்டர். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்புறம் டிஸ்கோவுக்கு எதற்குப் போனாய் என்பீர்கள். நியாயம்தான். இது சத்தமே இல்லாத டிஸ்கோ என்று சொல்லித்தான் சோரா அக்கா என்னைக் கூட்டிப்போனாள்.

நீங்கள் போனதில்லையா? ஹான் நதிக்கரைப் பூங்கா, சனிக்கிழமை சாயங்காலம், புல்வெளி நிறையக் கூட்டம். ஆளுக்கு ஒரு ஹெட்போன். காதோரம் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு பாட்டு, நீலம் எரிந்தால் இன்னொன்று, பச்சைக்கு வேறொன்று. வெளியே பொட்டுச் சத்தம் வராது. எதிரே இருக்கும் அடுக்குமாடிக்காரர்கள் புகார் கொடுக்கக் கூடாதே என்று யாரோ ஒரு புண்ணியவான் செய்த ஏற்பாடு.

சோராவை அக்கா என்கிறேனே, அவள் என்னைவிட ஒரு மாதம்கூட மூத்தவள் இல்லை. அவள் டிசம்பரில் பிறந்தாள், நான் ஜனவரியில். நடுவில் புத்தாண்டு வந்து தொலைத்துவிட்டது. நம் ஊரில் ஒருத்தி அக்கா ஆவதற்கு அது போதாதா? ஆபீஸில் சேர்ந்த அன்றே பிறந்த வருடத்தைக் கேட்டாள். அந்த நிமிடத்திலிருந்து அவள் அக்கா, நான் கடைக்குட்டி. வெளியே சாப்பிடப் போனால் மேஜை அடுப்பில் இறைச்சியைத் திருப்பிப் போடுவது, கிளாஸ் காலியானால் ஊற்றுவது, எல்லோர் பையையும் சுமப்பது எல்லாம் கடைக்குட்டிக்குக் கிடைக்கும் பாக்கியங்கள். எங்களோடு வந்த ஜின்ஜூ, சோராவின் வயது. அதனால் அவள் கைகள் எப்போதும் காலி.

"ஹாயூன், இந்தா, பையப் பிடி. கீழ வெச்சே, தோல உரிச்சிருவேன்" என்றாள் சோரா அக்கா. "ஊசி உள்ளதான் இருக்கு, தெரியும்ல?"

"தெரியும்க்கா."

அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு துளி போனாலும் தொண்டை வீங்கி மூச்சடைக்கும். அதற்காகப் பேனா மாதிரி ஓர் ஊசி வைத்திருப்பாள். தொடையில் குத்தினால் சரியாகிவிடும். எப்படிக் குத்துவது என்று எனக்குத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவ்வளவு நம்பிக்கை.

முதல் பாட்டுக்கு நானும் ஆடினேன். இரண்டாவதில் தலை விண் விண் என்றது. ஹெட்போனை அணைத்தேன். கழற்றவில்லை, கழற்றினால் அக்காவின் முகம் கோணும். அணைத்ததும் காதில் விழுந்தது என்ன தெரியுமா? கூட்டம் மொத்தமும் சுருதி இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது. ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு அக்காவும் ஜின்ஜூவும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், உன் கல்யாண போட்டோல ஹாயூனும் நிக்கிறாளா?" என்றாள் ஜின்ஜூ. அக்காவுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"போடி இவளே! அவ போட்டோல நின்னா பைய யாருடி பிடிக்கிறது?"

"பாவம்டி, புது டிரெஸ்லாம் எடுத்து வெச்சிருக்கா."

"எடுக்கட்டுமே. பை பக்கத்துல நின்னா மட்டும் டிரெஸ் தெரியாதா?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அக்கா என் பக்கம் திரும்பி, இரண்டு விரலைச் சேர்த்து இதயம் காட்டினாள். நானும் காட்டினேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

மணப்பெண்ணின் பையைக் காவல் காக்க ஒரு தோழியை நிறுத்துவது உங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் நடந்திருக்கும். ஆனால் கடைசியில் மணமக்களின் பின்னால் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்பவர்கள்தான் தோழிகள். பை பிடிப்பவள் பை பிடிப்பவள்தான். நான் பீச் நிறத்தில் உடை எடுத்திருந்தேன். போகட்டும்.

எனக்குக் கோபம் வரவில்லை. பசிதான் வந்தது. பூங்கா வாசலில் ஹொத்தொக் வண்டி நின்றது. மாவுக்குள் சர்க்கரையும் பொடித்த வேர்க்கடலையும் வைத்து, எண்ணெயில் தட்டிச் சுட்டுத் தருவார்கள். எப்போது வாங்கினாலும், "ஒண்ணுல மட்டும் கடலை வேணாம்" என்று சொல்வது நான்தான். அன்று சொல்லவில்லை. கடலை போடச் சொன்னேனா? அதுவும் இல்லை. வாயே திறக்காமல் விரலைக் காட்டி வாங்கி வந்து, அக்காவிடம் ஒன்றை நீட்டினேன்.

அக்கா ஒரு பக்கக் காதை விலக்கிக்கொண்டு கேட்டாள். "இதுல கடலை இல்லல்ல?"

"உங்க விஷயத்துல நான் எப்பக்கா மறந்திருக்கேன்?"

யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஆடிக்கொண்டே தின்று முடித்தாள். கொஞ்ச நேரத்தில் கழுத்தைப் பிடித்தாள். முன்னால் வளைந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி வளைந்தாள். சுற்றியிருந்தவர்களுக்கு ஒரே குஷி. புது ஸ்டெப் என்று நினைத்து, அவர்களும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்தார்கள். அவளைச் சுற்றி வட்டமே போட்டுவிட்டார்கள். ஜின்ஜூ கண்ணை மூடிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"ஹாயூன்... பை... பை..."

கூப்பிட்டது என்னை. ஜின்ஜூவை அல்ல, வரப்போகும் மாப்பிள்ளையை அல்ல. கை நீட்டினால் தொடும் தூரத்தில் பையை மார்போடு அணைத்தபடி நின்றேன். கொஞ்சம் அசைந்து ஆடினேன் என்றும் நினைக்கிறேன். அவள் விழுந்த பிறகும் சிலர் கூடவே புல்லில் விழுந்து பார்த்தார்கள். எழாதவள் அவள் ஒருத்திதான்.

ஹெட்போன் போட்டிருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்று உங்கள் ஆட்களிடம் சொன்னேன். எல்லோரும் சொன்னதைத்தான் சொன்னேன். நீங்கள்தான் மேலேயிருந்து டிரோன் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினீர்கள். இருட்டத் தொடங்கிய புல்வெளியில் சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்குகள்.

"அத்தனை பேர் காதுலயும் விளக்கு எரியுது. உங்க காதுல மட்டும் ஏன்மா எரியல?"

நல்ல கேள்வி. உங்களுக்குப் பதவி உயர்வு கிடைக்க வேண்டும்.

சாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காரச் சூப் பரிமாறியது யார் என்று விசாரித்தீர்களா? கடைக்குட்டிதான். அக்காவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அங்கே அக்காவும் ஒரு போட்டோவில் இருந்தாள், கறுப்பு நாடா கட்டிய சட்டத்துக்குள், தனியாக. அதில் ஜின்ஜூவுக்கும் இடமில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். கடலை இருப்பது தெரிந்தே கொடுத்தேன். கூப்பிட்டது கேட்டது. ஊசியை எடுக்கவில்லை. ஆனால் ஒன்று, மூத்தவளின் பையைக் கேட்காமல் திறக்கிற வளர்ப்பு இல்லை என்னுடையது. பிடி என்றாள், பிடித்தேன். ஒரு தடவைகூடக் கீழே வைக்கவில்லை. வேண்டுமானால் நீங்களே திறந்து சரிபாருங்கள், ஒரு பொருள் குறையாது.

ஊசி உட்பட.