நாலாவது வரிசைக்கு வைத்த பொட்டு

மோகனா: இன்னா ஜெனி, இன்னும் கத்தலையா அது?

ஜெனிஃபா: இல்லக்கா. செடித் தொட்டியில ஒட்டியிருக்கற கோடு போட்ட ஸ்டிக்கர்கிட்ட இந்த மிஷினக் காட்டினா பீப்னு வரணும். ஒண்ணும் வரல.

மோகனா: லேசா ஒரு தட்டு தட்டிப் பாரேன். எங்க வீட்டு டிவி அப்பிடித்தான் வரும்.

ஜெனிஃபா: ஐயோ, டேப்லெட்டக்கா இது! தட்டினா என்னைத் தட்டிடுவாங்க.

மோகனா: வேர்த்து ஊத்துதே உனக்கு. இந்த பிளாஸ்டிக் கூரை பாலிஹவுஸ் சூடா, பயமா?

ஜெனிஃபா: ரெண்டும்தான். பெங்களூர் கம்பெனி ஆளுங்க செடிய எண்ண வர்றதுக்குள்ள இந்த நாலாவது வரிசைய இதுல ஏத்தணும். மிஷின் படிக்காத செடி, செத்த செடின்னுதான் அவங்க கணக்கு.

மோகனா: செத்துச்சா! வதங்கியிருக்கு, அவ்ளோதான். இதோ பாரு, இந்த ஜெர்பரா மொட்டு விட்டிருக்கு.

ஜெனிஃபா: எனக்குத் தெரியுது... இதுக்குத் தெரியணுமே.

மோகனா: ஏழாவது வரிசைய புடுங்கினப்போ அதப் பாத்துக்கிட்ட பூவம்மாளையும் நிறுத்திட்டாங்க. இந்த வரிசை போனா அடுத்து நான்தான். திரும்பத் தோல் பதனிடற ஷெட்டா? சுண்ணாம்புத் தொட்டியில நின்ன கால் இன்னும் ஆறல ஜெனி... ஏய், இன்னா பண்ற? ஸ்டிக்கர எதுக்கு துப்பட்டாவால தேய்க்கற?

ஜெனிஃபா: தூசிக்கா.

மோகனா: தூசி செவப்பாவா இருக்கும்?

ஜெனிஃபா: ...நீங்கதானே நேத்து ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சீங்க?

மோகனா: மோட்டாருக்கு வெச்சேன். ஸ்ப்ரேயருக்கு, கத்தரிக்கோலுக்கு... செடிக்குமா வெச்சேன்? ...ம். வெச்சிருப்பேன். வெச்சிருப்பேன்.

ஜெனிஃபா: அக்கா, சூப்பர்வைசர் சார் வர்றாரு.

எபனேசர்: ஜெனிஃபா! போன் வந்துச்சு. வாணியம்பாடி தாண்டிட்டாங்களாம். ஏத்திட்டியா?

ஜெனிஃபா: சார்... படிக்க மாட்டேங்குது சார்.

எபனேசர்: படிக்கலைன்னா? குடு இங்க... இன்னா இது, ஸ்டிக்கர் பூரா சந்தனம், குங்குமம்? யார் பண்ண வேலை இது?

மோகனா: நான்தான் சார்.

எபனேசர்: கற்பூரமும் காட்டியிருக்க வேண்டியதுதானே! இப்ப அவங்க முன்னாடி நான் இன்னா சொல்றது? நீ கெளம்பு மோகனா. அவங்க கண்ணுல படாத.

மோகனா: சார், வேலைக்கு...

எபனேசர்: நாளைக்குப் பேசிக்கலாம். கெளம்பு.

ஜெனிஃபா: சார்... அக்கா இல்ல.

மோகனா: ஜெனி, சும்மா இரு.

ஜெனிஃபா: நான்தான் சார் வெச்சேன். மிஷினுக்கெல்லாம் வெச்சாங்க... சாகக் கெடக்கற இந்த வரிசைக்கு யாருமே வெக்கல. கிண்ணத்துல மிச்சம் இருந்துச்சு, அதான்...

எபனேசர்: நீயா? உங்கப்பா சர்ச்சு சபையில மூப்பர்ம்மா! நானும் அதே சபைதான். ஞாயித்துக்கெழம அவரு மூஞ்சிய எப்பிடிப் பாக்கறது?

ஜெனிஃபா: சொல்லிடாதீங்க சார்... வேலையவிட்டே நிறுத்திடுவாரு.

எபனேசர்: நம்ம பிள்ளைங்களே இப்பிடி இருந்தா... சீ!

மோகனா: சார், அழ வெக்காதீங்க. துடைச்ச ஸ்டிக்கரும்தான் படிக்கல. மொத வரிசையில பொட்டே கெடையாது, அங்க காட்டிப் பாக்கலாமே?

எபனேசர்: போ, காட்டு. சீக்கிரம்.

ஜெனிஃபா: ...இங்கயும் படிக்கல சார்! செவப்பு வெளிச்சமே மங்கலா வருது. ராத்திரி சார்ஜ் போட்டீங்களா?

எபனேசர்: நானே போட்டேன். காலையில நானே எடுத்துக் குடுத்தேன். பீரோ சாவி என்கிட்டதான். வேற ஒரு கை படல.

மோகனா: அந்த செவப்பு வெளிச்சம் வர்ற கண்ணு சுத்தமா இருக்கா பாரு ஜெனி.

ஜெனிஃபா: எது, மேல நடுவுல இருக்குமே... அக்கா, கண்ணாடி மேல என்னவோ காஞ்சு ஒட்டியிருக்கு.

மோகனா: மோந்து பாரு.

ஜெனிஃபா: ...சந்தனம்.

மோகனா: இத நான் தொடவே இல்லப்பா.

ஜெனிஃபா: நானும் இல்ல. பீரோவுல... சார்?

மோகனா: சார், கேட்ல ஹாரன் அடிக்கறாங்க.

எபனேசர்: துடைம்மா. மொதல்ல துடை. எச்சில் தொட்டுத் துடை, பரவால்ல... இப்போ நாலாவது வரிசைக்கு ஓடு, ஸ்டிக்கரெல்லாம் துடைச்சுக்கிட்டே. காட்டு. வந்துச்சா?

ஜெனிஃபா: பீப்னு கத்துது சார்! இதுவும்... இதுவும் படிக்குது! அக்கா, உங்க செடிங்க எல்லாம் உசுரோட இருக்குன்னு காட்டுது!

மோகனா: அப்ப நான் கெளம்பணுமா சார், இருக்கட்டுமா?

எபனேசர்: இரு மோகனா, இரு... ஜெனிஃபா, இங்க வாம்மா. நீ வெச்சும் அந்தக் கிண்ணத்துல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. இது மக்கர் பண்ணா மொதல்ல போறது என் வேலைதான்... மேல நடுவுல, நெத்தி மாதிரி இருந்துச்சா, கண்ணுன்னு தெரியாம நானும் ஒண்ணு வெச்சிட்டேன். ஞாயித்துக்கெழம உன்னப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். நீயும்... என்னப் பத்தி உங்கப்பாகிட்ட...