நஞ்சுக்கொடி யார் சாயல்?

பாதி எங்க பக்கமாம்மா! கேட்டியா அநியாயத்த? பொண்ணு அவங்க பொண்ணு, வயிறு அவங்க பொண்ணோட வயிறு, அதுக்குள்ள வளர்ந்த நஞ்சுக்கொடி மட்டும் எங்க வீட்டுச் சரக்காம்! சொன்னது யாரு? எங்க சம்பந்தியம்மா! அதோ அந்த வார்டு வாசல்ல, நாலு பேர் பாக்க, என் மூஞ்சிக்கு நேரா கைய நீட்டி...

நகர்ந்து உக்காரு கண்ணு, நல்லா சாஞ்சுக்கோ. செக்கப்புக்கா? எத்தனாவது மாசம்? எட்டா? தனியாவா வந்த? வீட்டுக்காரர் வேலைக்குப் போயிட்டாரா... சரி சரி. உன் நம்பர் வர இன்னும் நேரமாகும். கவலப்படாத, பேச்சுத்துணைக்கு நான் இருக்கேன்.

எங்க விட்டேன்? ஆங்... என் மருமகளுக்குத் தலைப்பிரசவம். நாள் கிடக்கு இன்னும். நேத்து திடீர்னு பிரஷர் ஏறிப்போச்சுன்னு அவசர அவசரமா ஆபரேஷன் பண்ணிக் குழந்தைய எடுத்துட்டாங்க. பேரன் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கான், இத்தனூண்டு. அழறான், கால உதைக்கிறான், தப்பிச்சுக்குவான்னு சொல்றாங்க. மருமக இன்னும் கண்ண முழுசாத் திறக்கல. பக்கத்துல ஒருத்தர்தான் இருக்கணுமாம். அந்த ஒருத்தர் யாரு? சம்பந்தியம்மா! நான் பெஞ்சு!

அந்த டாக்டரம்மா தங்கமான மனுஷிதான், இல்லேங்கல. ஆனா எதுக்கும்மா எல்லாத்தையும் விளக்கணும்? எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, காகிதத்துல படம் போட்டுக் காட்டுறாங்க. நஞ்சுக்கொடிங்கறது தாயோட சமாச்சாரமே இல்லையாம். கருதான் அத வளத்துக்குமாம். அதனால அதுல அப்பன் பங்கு பாதி உண்டாம். அது போயி தாயோட கர்ப்பப்பையில ஆழமா வேர்விட்டு, அங்க இருக்கிற ரத்தக்குழாயெல்லாம் அகலமாக்கி வைக்கணுமாம். அப்பத்தான் குழந்தைக்கு ரத்தம் தாராளமா வருமாம். இவளுக்கு அது ஆழமாப் போகவே இல்லையாம்மா! மேலாப்புல நின்னுடுச்சாம். குழாயெல்லாம் குறுகலாவே கிடந்திருக்கு. ரத்தம் பத்தாம அது தவிச்சுப்போயி, என்னென்னத்தையோ தாயோட ரத்தத்துல கலந்து விட்டுடுச்சாம். அதுல இவ உடம்பு பூரா குழாய் கெட்டு, பிரஷர் ஏறி, கிட்னி, ஈரல், மூளைன்னு ஒண்ணுவிடாம... அத வெளிய எடுத்தாத்தான் அடங்க ஆரம்பிக்குமாம்.

அது ஏன் ஆழமாப் போகலன்னு கேட்டேன். "முழுக்காரணம் இன்னும் யாருக்கும் தெரியாதும்மா, இதுல யார் மேலயும் தப்..." அவ்வளவுதான், அவங்க முடிக்கல, சம்பந்தியம்மா புடிச்சுக்கிட்டாங்க. "அப்பன் பங்கு பாதின்னீங்களே, அந்தப் பாதிதான் டாக்டர் வேலைய முடிக்கல! மாப்பிள்ளை எதத்தான் முழுசா முடிச்சாரு? வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கறேன்னு ஆரம்பிச்சு, பீரோவுக்குப் பின்னாடி அப்படியே விட்டுட்டாரு!"

பீரோவுக்குப் பின்னாடி எவம்மா போய்ப் பாப்பா! இந்தம்மா பாத்திருக்காங்க, அத யோசி நீ!

ஏம்மா நெத்தியப் புடிச்சுக்கற? தலைவலியா? அது என் பேச்சால. எங்க வீட்ல எல்லாருக்குமே வரும், நீ ஒண்ணும் தப்பா நினைச்சுக்காத.

என் பையனாம்மா ஆழமாப் போகாதவன்? சோத்துப் பானையில கரண்டிய விட்டான்னா அடி சொரண்டாம வெளிய எடுக்கமாட்டான்! டாக்டர்கிட்டயே அடிச்சுச் சொல்லிட்டேன். எங்க பாதி ஆழமாத்தான் போயிருக்கும் டாக்டர், அவங்க பாதிதான் பின்னாலேர்ந்து சட்டையப் புடிச்சு இழுத்திருக்கும்னு. அவங்க குடும்பம் எந்த இடத்துக்கும்மா நேரத்துக்குக் கிளம்பியிருக்கு? டாக்டரம்மா பேனாவ மூடி வெச்சுட்டு எந்திரிச்சே போயிட்டாங்க.

அதோட விட்டோமா? ஆபரேஷன் முடிஞ்சு நர்ஸ் பொண்ணு சிரிச்சுக்கிட்டே வெளிய வந்து, ஆம்பளப் பிள்ளன்னு சொல்லுது. நாங்க ரெண்டு பேரும் ஒரே குரல்ல, "நஞ்சுக்கொடிய எங்க?"ன்னோம்! மிரண்டுபோச்சு பாவம். லேபுக்குப் போகுது, தரமுடியாதுங்குது. அட, யாரு கேட்டா? சும்மா காட்டு தாயி, யார் சாயல்னு பாத்துட்டுக் குடுத்துடறோம்! கெஞ்சிக் கூத்தாடி, கடைசில தட்டோட காட்டுச்சு. பொடிசா... அங்கங்க வெளுத்துப்போயி... "பாத்தீங்களா, உங்க வீட்டுக்காரர உரிச்சு வெச்சிருக்கு! சத்தே இல்ல!"ன்னாங்க சம்பந்தியம்மா. போய்ச் சேர்ந்த மனுஷனப் போயி! ஓரம் பூரா வெறப்பா முறைச்சுக்கிட்டு நிக்குதே, அது உங்க தம்பியேதான்னு நானும் விடல.

உண்மையச் சொல்லணும்னா, அந்தத் தட்ட அதுக்கு மேல என்னால பாக்க முடியலம்மா. இத நம்பித்தானே அந்தப் பிஞ்சு உள்ள கிடந்திருக்குன்னு... சரி, விடு.

மருமக மேலயும் தப்பு இருக்கு. அழுத்திச் சொல்லணுமா வேண்டாமா? தல வலிக்குதுன்னா. போனையே பாத்துட்டுக் கிடந்தா வலிக்காம என்ன செய்யும்னேன். மொகம், கையெல்லாம் உப்புச்சு. பூசுனாப்புல அழகா இருக்கேடின்னேன். கண்ணுக்குள்ள பூச்சி பறக்குதுன்னா. எந்திரிச்சு நாலு எட்டு நடன்னேன். விலாவுக்குக் கீழ வலிக்குதுன்னா. வாயு, வெந்நீர் குடின்னேன். எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு வைத்தியம் சொன்னேன்ல, ஒருத்தரும் அத எண்ணிப் பாக்கமாட்டாங்க!

என்ன? எந்தப் பக்க விலாவா? வலது பக்கம்தான். ஏன் கேக்குற... உனக்கும் அங்கதானா? வாயுதான் கண்ணு, வேறென்ன. வெந்நீர் குடி, சரியாயிடும். கண்ணக் கசக்காத, மை கலையுது பாரு. நான் என்ன சொல்ல வந்தேன்னா, இந்தச் சம்பந்தியம்மா இருக்காங்களே...

எங்க எந்திரிச்சுட்ட? உன் நம்பரே வரலயே! இரும்மா, இன்னும் பாதிகூடச் சொல்லல. பாரேன், செவுத்தப் புடிச்சுக்கிட்டே போறத... நேரா நர்ஸ் மேஜைக்கே போறாளே! இத்தனை பேரு காத்துக் கிடக்கோம், நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா? சிஸ்டர்! அந்தப் பொண்ணு வரிசையில வரல சிஸ்டர், திருப்பி அனுப்புங்க!

கையில பிரஷர் பாக்குற பட்டியச் சுத்துறாங்க... ம்... மறுபடியும் சுத்துறாங்க. எதுக்கு அந்த நர்ஸ் இப்படிக் கத்துது? ஸ்ட்ரெச்சரா? யாருக்கு?

அய்யய்யோ.

உக்காரும்போதே பாத்தேனே, மூஞ்சி உப்பியிருந்துச்சே! பூசுனாப்புல இருக்கான்னுதானே நினைச்சேன்! வாயுன்னேனே... பாவி நான், இப்பத்தானே, இந்த வாயாலதானே அவளுக்கும் வாயுன்னேன்!

தள்ளுங்க, தள்ளுங்க, வழி விடுங்க... சிஸ்டர்! அவளுக்கு வலது விலாவுல வலி இருக்கு சிஸ்டர்! தலவலி! கண்ணக் கசக்கிக்கிட்டே இருந்தா! டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க, ஒண்ணையும் விட்டுடாதீங்க! ஏம்மா முன்னாடியே சொல்லலன்னு அந்தப் புள்ளயத் திட்டாதீங்க சிஸ்டர். அவ சொல்லத்தான் பாத்தா. நான்தான் பேச விடல.