அதே ஐந்து கட்டங்கள்

எனக்குச் சிவப்பு நிறம் ஒத்துவராது. சட்டையில் இருந்தால் பரவாயில்லை, கணினித் திரையில் வந்தால்தான் எரிச்சல்.

நகராட்சிக்கு நிரல் எழுதுவது என் வேலை. நாங்கள் எழுதியதை ஓட்டும் முன் கணினி ஒருமுறை படித்துப் பார்க்கும். எந்த வகைத் தகவல் எங்கே போகலாம் என்று சரிபார்த்து, பொருந்தாவிட்டால் சிவப்புக் கோடு போட்டு நிறுத்திவிடும். அந்தச் சரிபார்ப்பை எழுதியவர் என் பக்கத்து நாற்காலிக்காரர். ஆபீசில் அவரைப் பூட்டு என்போம். வகையின் பெயர் ஒன்றாக இருந்தால்தான் இரண்டும் ஒன்று என்பது அவர் கட்சி. உள்ளே இருக்கும் கட்டங்கள் ஒத்துப்போனால் போதும் என்பது என் கட்சி. படித்தவர்களிலேயே பலர் என் பக்கம்தான்.

எங்களிடம் இரண்டு பட்டியல்கள். மருத்துவர் வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டிய முதியோர் ஒன்று. லாரி வந்து அள்ளிப்போக வேண்டிய பழைய சாமான் இன்னொன்று. இரண்டிலும் அதே ஐந்து கட்டங்கள்: பெயர், வயது, உயரம், எடை, முகவரி.

“இதுல என்ன வித்தியாசம், நீங்களே சொல்லுங்க,” என்றேன் பூட்டிடம்.

“ஒண்ணு பேசும், ஒண்ணு பேசாதுப்பா.”

அதற்குக் கட்டமே இல்லையே என்றேன்.

விசாரிக்க வந்த நீங்கள் என் மாமியாரைப் பற்றிக் கேட்டீர்கள். தங்கமானவர். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தார், மூன்று வருஷம் ஆகிறது. என் அறையை மனசாரத்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் வேலை பார்க்கிறேன். “மாப்பிள்ளை, அந்தப் பொட்டியைத் தட்ட இவ்வளவு சத்தமா?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஒருநாளும் நான் எதிர்த்துப் பேசியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை பூட்டு லீவு. சரிபார்ப்பில் ஒரே ஒரு வரியை மாற்றி, வகையின் பெயரை விட்டுக் கட்டங்களை மட்டும் பார்க்க வைத்தேன். சாமான் பட்டியல் போக வேண்டிய இடத்தில் முதியோர் பட்டியலைக் கொடுத்தேன். சிவப்பு வரவில்லை. மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

வியாழன் காலை என் வீட்டு வாசலுக்கு லாரி வந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். மாமியார் ஈசிசேரில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். வந்த இருவரும் சீட்டைப் பார்த்தார்கள்: எழுபத்தாறு வயது, ஐந்தடி, அறுபத்தெட்டு கிலோ.

“சார், இது மூச்சு விடுதே,” என்றார் ஒருவர்.

“சீட்டுல என்ன இருக்கோ அதைச் செய்யுங்க,” என்றேன்.

நாற்காலியோடு தூக்கினார்கள். அத்தைக்கு இடித்துவிடக் கூடாதே என்று நான்தான் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டேன். கிடங்கில் இரண்டு பீரோக்களுக்கு நடுவே இறக்கி, ‘பழுது பார்த்தால் பயன்படும்’ என்று ஒட்டியிருக்கிறார்கள். பிறகுதான் அவர் கண் விழித்தார். கிடங்குக்காரர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

மனைவி அம்மாவைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். “எங்கம்மா வேற, ஓட்டை பீரோ வேறன்னு உங்களுக்குத் தெரியாதாங்க?” என்று கேட்டாள். நிரலுக்குத் தெரியாது என்றேன். தவறுதலாக நடந்தது என்று உங்கள் அறிக்கையில் வந்தால் திரும்பி வருவாளாம். அவள் இல்லாத வீடு வீடாகவே இல்லை, ஐயா.

முதியோர் எண்ணூறு பேர் இருக்க, அத்தை மட்டும் எப்படி லாரியில் போனார் என்கிறீர்கள். சோதனை என்றால் ஒரு பதிவை வைத்துத்தான் செய்வோம். அவர் பெயரைத் திங்கட்கிழமை பட்டியலில் சேர்த்தது நான்தான். எடை பார்க்கும் கருவியில் நிற்க வைத்ததும் நான்தான். ஆகவே, தவறுதலாக என்றே எழுதுங்கள். புதன்கிழமை என் மேசை அங்கே கொள்ளுமா என்று அவர் அறையை அளந்து பார்த்தேன், வாஸ்தவம். தயவுசெய்து அதையும் இதையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள்.